ஒரு பக்கம் கைக்கு வர எத்தனை நாள்? – ஆய்வு மாணவர்களுக்கான வசதிகள் பற்றி ஓர் இழை

2025 ஜூன் 7, சனி – வாசகர் கேள்வி

முதுகலைத் தமிழ் முடித்துவிட்டேன். முனைவர் பட்ட ஆய்வுக்குச் சென்னையில் இரண்டு இடங்களில் வாய்ப்பு இருக்கிறது. ஒன்று பழைய அரசுப் பல்கலைக்கழகம்; மற்றொன்று புறநகரில் உள்ள தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். இரண்டாவதன் விவர ஏட்டில் குளிரூட்டப்பட்ட நூலகம், வளாகம் முழுவதும் வைஃபை, நள்ளிரவு வரை வாசிப்பறை, கருத்துத் திருட்டைக் கண்டறியும் மென்பொருள் என்று ஒன்றரைப் பக்கத்துக்கு வசதிகளை அச்சிட்டிருக்கிறார்கள். முதலாவதன் இணையதளத்தில் அப்படி எதுவும் இல்லை. எப்படியும் இப்போது எல்லாமே இணையத்தில் கிடைத்துவிடுகிறது. ஆகவே வசதி மிக்க இடத்தில் சேர்வதுதானே சரி? என் தலைப்பு 1876–78 பஞ்சத்தைப் பாடிய கும்மிகளும் சிந்துகளும்.

ஜூன் 8, ஞாயிறு

விவர ஏட்டை மூடி வையுங்கள். அதில் இல்லாத ஒரே கேள்வியை அங்கே மூன்றாம் ஆண்டில் இருக்கும் ஆய்வு மாணவர் ஒருவரிடம் தேநீர்க் கடையில் வைத்துக் கேளுங்கள்: உனக்கு வேண்டிய ஒரு பக்கம் உன் கைக்கு வர எத்தனை நாள் ஆகிறது? அவர் சொல்லும் எண்தான் அந்த இடத்தின் ஆய்வு வசதி. குளிரூட்டி, சுழல் நாற்காலி, வைஃபை எல்லாம் அந்த எண்ணைக் குறைத்தால் வசதி; குறைக்காவிட்டால் அறைக்கலன்.

என்னுடைய எண்ணைச் சொல்கிறேன். நானும் நீங்கள் சொல்லும் காலத்துச் சிறு வெளியீடுகளைப் பற்றித்தான் ஆய்வு செய்தேன். எட்டுப் பக்கமுள்ள ஒரு கும்மிப் புத்தகம் எனக்கு வேண்டியிருந்தது. அது நகரத்தில் உள்ள ஒரு நூல் சேகரிப்பில் இருப்பதாகப் பட்டியல் அட்டை சொன்னது. எந்த இடம் என்று எழுதப்போவதில்லை. முதல் நாள் சென்றபோது துறைத்தலைவரின் கடிதம் வேண்டும் என்றார்கள். கடிதத்தோடு சென்றபோது, அது நூலகருக்கு எழுதப்பட்டிருக்கிறது, இங்கே நூலகர் பதவி காலியாக இருப்பதால் பொறுப்பு அலுவலருக்கு எழுதி வாருங்கள் என்றார்கள். திருத்திய கடிதத்தோடு சென்றபோது பீரோவின் சாவியை வைத்திருந்தவர் திருமணத்துக்காகத் திருநெல்வேலி போயிருந்தார். அவர் திரும்பி வந்து கட்டை அவிழ்த்தபோது எண் எழுதிய மேலுறை இருந்தது. உள்ளே புத்தகம் இல்லை. தொலைந்துபோன நூல் என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்கவும் அவர்கள் தயாராக இருந்தார்கள்.

கடைசியில் அதைக் கண்டுபிடித்தவர் கட்டு எடுத்துக் கொடுக்கும் ஊழியர். "சின்னதெல்லாம் உயரம் பாத்து ஒண்ணாத் தைச்சிருப்பாங்க சார்" என்று சொல்லிவிட்டு, அதே உயரமுள்ள பத்துப் பன்னிரண்டு தொகுப்புகளை மேசையில் அடுக்கினார். ஒரு மாட்டு வாகட நூலுக்கும் ஒரு நலங்குப் பாட்டுக்கும் நடுவே என் கும்மி தைக்கப்பட்டிருந்தது. முதல் வருகையிலிருந்து அன்றைக்கு இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது. பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நாள்.

அதே நாள், இரவு

படித்துப் பார்த்தபோது அங்கிருந்தவர்களைக் குறை சொல்வதற்காகவே எழுதியதுபோல் இருக்கிறது. அது என் நோக்கமில்லை. அந்த இருபத்து மூன்று நாளில் நான்கு நாள் என் பிழையால் போனவை: இரண்டாம் சனிக்கிழமை திறந்திருக்கும் என்று நானே முடிவுசெய்துகொண்டு ஒரு முறை போனேன், அழைப்பெண்ணைத் தவறாகக் குறித்துக்கொண்டு ஒரு முறை போனேன், மற்ற இரண்டைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாலும் உங்கள் தலைப்புக்கு வேண்டியவற்றில் பெரும்பங்கு அந்த வளாகத்துக்குள் இருக்காது. சென்னையில் ஆய்வு செய்வதன் உண்மையான வசதி சென்னைதான். ஆகவே நீங்கள் சேரும் இடத்திலிருந்து சேப்பாக்கம், எழும்பூர், கோட்டூர்புரம், தரமணி, பெசன்ட் நகர் ஆகிய ஐந்தும் எவ்வளவு தொலைவு என்று பாருங்கள். புறநகர் வளாகத்தின் நள்ளிரவு வாசிப்பறை நல்லதுதான். ஆனால் எழும்பூருக்குப் போய்வர மூன்றரை மணி நேரம் ஆகுமென்றால், அரை நாள் வேலை முழு நாளைத் தின்றுவிடும்.

சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகம் இருக்கிறது. கடற்கரைச் சாலையிலிருந்து பார்த்தால் தெரியும் மணிக்கூண்டுக் கட்டடம் 1936இல் திறக்கப்பட்டது. எழும்பூரில் அருங்காட்சியக வளாகத்தில் 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா பொது நூலகம். இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியும் அங்கே வந்தாக வேண்டும் என்பது சட்டம். லிங்கிச் செட்டித் தெருவில் இருந்த மறைமலையடிகள் நூலகமும் இப்போது அந்த வளாகத்துக்கே வந்துவிட்டது. தமிழ் மாணவருக்கு ஒரே பேருந்துச் சீட்டில் இரண்டு நூலகம். அதே எழும்பூரில், காந்தி இர்வின் சாலையில், தமிழ்நாடு ஆவணக் காப்பகம். 1909 முதல் அந்தச் சிவப்புக் கட்டடத்தில் இயங்குகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில், 1670களில் தொடங்கும் ஆவணங்கள் அங்கே உள்ளன. உங்கள் பஞ்சத்தைப் பற்றிப் புலவர்கள் பாடியது ஒரு பக்கம் என்றால், கலெக்டர்கள் எழுதியது இங்கே கிடைக்கும்.

தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்ற தனி மனிதர் வாழ்நாள் முழுவதும் சேர்த்த நூல்களும் இதழ்களும் துண்டு வெளியீடுகளும், அவர் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சிதறாமல் சென்னைக்கு வந்து, 1994இல் ஆய்வு நூலகமாயின. குஜிலி என்ற பழைய சென்னைச் சந்தையின் கடைகளில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற பாட்டுப் புத்தகங்களைப் பெரிய நூலகங்கள் சேர்க்கத் தகாதவை என்று ஒதுக்கிய காலத்தில், அவர் அவற்றையும் வாங்கி வைத்தார். உங்கள் தலைப்புக்கு முதலில் போக வேண்டிய இடம் அதுதான். பக்கத்திலேயே உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் நூலகம் இருக்கிறது.

கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம். அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும் சேப்பாக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து அந்தக் கட்டடத்தின் ஏழாம் தளத்துக்கு வந்திருக்கிறது. பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம், 1943இல் நிறுவப்பட்டது. ஏடுகளோடு அவருக்கு வந்த கடிதங்களும் கைப்பட எழுதிய குறிப்புகளும் அங்கே உள்ளன. பஞ்சப் பாடலுக்கு அங்கே என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். பழைய நூல் ஒன்றுக்கு எப்படிக் குறிப்பெடுப்பது என்று தெரிந்துகொள்ள ஒரு நாள் போய் உட்கார்ந்து பாருங்கள்.

சேப்பாக்கம், கோட்டூர்புரம், தரமணி மூன்றையும் பறக்கும் ரயில் இணைக்கிறது. அதில் போகும்போது கீழே கறுப்பாகத் தெரியும் பக்கிங்காம் கால்வாயில், கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடைப்பட்ட பகுதி 1877–78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. உங்கள் ஆய்வுப் பொருளின் மேலேதான் தினமும் பயணம் செய்வீர்கள்.

ஜூன் 11, புதன்

நேற்றைய குறிப்பில் ஒரு திருத்தம். கன்னிமாராவுக்கு ஒவ்வொரு நூலின் படியும் வந்தாக வேண்டும் என்று எழுதியதைப் படித்த ஒருவர், அப்படியானால் 1877இல் அச்சான கும்மியும் அங்கே இருந்தாக வேண்டுமே என்று கேட்கிறார். இல்லை. அந்த நூல் ஒப்படைப்புச் சட்டம் 1954ஆம் ஆண்டினது. அதற்கு முந்தைய நூல்களுக்கு அது பொருந்தாது. பழைய நூல்கள் அங்கே நிறையவே உள்ளன, ஆனால் சட்டத்தின் பலத்தால் வந்தவை அல்ல. தவிர, சட்டம் இருப்பதாலேயே எல்லாப் பதிப்பாளரும் படி அனுப்பிவிடுகிறார்கள் என்றும் இல்லை. என் சொந்தச் சிறு நூலையே என் பதிப்பாளர் அனுப்பவில்லை, நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

மேற்சொன்ன சட்டத்துக்கு ஒரு மூத்த அண்ணன் உண்டு. உங்களுக்கு உதவக்கூடியது அவர்தான். 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டம். எது அச்சானாலும் அரசுக்குப் படி கொடுக்க வேண்டும், அரசு அவற்றை மூன்று மாதத்துக்கு ஒரு முறை பட்டியலாக வெளியிட வேண்டும் என்று அது விதித்தது. சென்னை மாகாணத்துக்கான பட்டியல்கள் கோட்டை செயின்ட் ஜார்ஜ் கெஜட்டின் இணைப்பாக வந்தன. தலைப்பு, மொழி, ஆசிரியர், பொருள், அச்சிட்ட ஊர், அச்சகத்தார் பெயர், தேதி, பக்கம், அளவு, எத்தனையாவது பதிப்பு, எத்தனை படி, விலை, உரிமை யாருக்கு என்பவை வரை அதில் கட்டம் கட்டிப் போட்டிருப்பார்கள். நூலே அழிந்துபோயிருந்தாலும், அது ஆயிரம் படி அச்சாகிக் காலணாவுக்கு விற்றது என்ற செய்தி அந்தக் கட்டத்தில் உயிரோடு இருக்கும்.

இதை எனக்கு எந்த ஆய்வு நெறிமுறை வகுப்பும் சொல்லித் தரவில்லை. ஆவணக் காப்பகத்தின் வாசிப்பறையில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த வெளிநாட்டு மாணவி ஒருவர் ஆவணம் கேட்டு நான் எழுதிய சீட்டைத் தற்செயலாகப் பார்த்துவிட்டு, பட்டியல்களைப் பார்த்தீர்களா என்று கேட்டார். இரண்டரை ஆண்டு முடிந்திருந்த எனக்கு எந்தப் பட்டியல் என்றே விளங்கவில்லை. அன்று மாலை வீட்டுக்குப் போய் என் இரண்டாம் இயலைக் கிழிக்க வேண்டியிருந்தது.

வசதி என்ற சொல்லுக்குள் இதையும் சேர்க்க வேண்டும். எதிர் நாற்காலியில் யார் உட்காருகிறார்கள் என்பதும் வசதிதான். தனி அறையும் தனிக் கணினியும் கிடைத்த மாணவருக்கு இது கிடைக்காமலே போகலாம்.

ஜூன் 21, சனி

கிழித்த இயலைப் பற்றிக் கேட்கிறார்கள். சொல்லிவிடுகிறேன்.

பழைய வெளியீடுகளின் முகப்பில் பெரும்பாலும் ஆங்கில ஆண்டு இருக்காது. தமிழ் வருஷப் பெயர் மட்டுமே இருக்கும். தமிழ் வருஷம் அறுபது ஆண்டுக்கு ஒரு முறை திரும்பி வரும் என்பது குழந்தைக்கும் தெரியும். அந்தப் பஞ்சத்துக்கே தாது வருஷப் பஞ்சம் என்றுதான் மக்கள் பெயரிட்டார்கள். தாது வருஷம் 1876–77, அடுத்த ஈசுவர வருஷம் 1877–78. என் கையில் கிடைத்த ஒரு பஞ்சச் சிந்தின் முகப்பில் ஈசுவர வருஷம் என்று இருந்தது. பஞ்சத்தின் உச்சத்திலேயே அச்சான பாடல் என்று மகிழ்ந்து, அந்த உடனடித் தன்மையைப் பற்றிப் பதினாறு பக்கம் எழுதினேன். பசியின் குரல் அச்சு ஏறிய கணம் என்றெல்லாம் எழுதியிருந்தேன் என்று நினைக்கிறேன்.

கெஜட் பட்டியலில் அது இல்லை. மறுபடியும் முகப்பை எடுத்துப் பார்த்தேன். கடைசி வரியில், அச்சகத்தின் பெயரோடு சேர்த்து, மங்கிய எழுத்தில் 'எலெக்டிரிக் பிரஸ்' என்று இருந்தது. 1877இல் சென்னையில் மின்சாரம் ஏது? அது அடுத்த சுற்று ஈசுவர வருஷம், அதாவது 1937–38. அறுபது ஆண்டு கழித்து யாரோ மறு அச்சுப் போட்டிருக்கிறார்கள். பதினாறு பக்கமும் போயிற்று. ஆனால் பஞ்சம் முடிந்து அறுபது ஆண்டுக்குப் பிறகும் அந்தச் சிந்துக்குச் சந்தை இருந்தது ஏன் என்ற கேள்வி மிஞ்சியது. ஆய்வேட்டில் தேர்வாளர் பாராட்டியது அந்த ஒரு பகுதியைத்தான்.

முகப்பை முழுதாகப் பாருங்கள். படம் எடுக்க அனுமதி கிடைத்தால் பாடலை விட்டாலும் முகப்பையும் பின்னட்டையையும் விடாதீர்கள். பின்னட்டையில் அதே கடையில் விற்ற மற்றப் புத்தகங்களின் விலைப்பட்டியல் இருக்கும்; காலத்தை நிர்ணயிக்க அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஜூன் 24, செவ்வாய்

இணையத்தைப் பற்றி முதல் குறிப்பில் ஒன்றுமே சொல்லாமல் தாண்டிவிட்டேன் என்ற குற்றச்சாட்டு நியாயமானது. நான் பதிவுசெய்துகொண்ட காலத்தில் இல்லாத பல இன்று உள்ளன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்கள் பல முழுமையாக உள்ளன. நான் பேருந்தில் போய்ப் பென்சிலால் நகலெடுத்த ஒரு நூலை அண்மையில் அங்கே படுக்கையில் இருந்தபடியே படித்தேன், கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. சோத்கங்கா தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் உள்ளன. 2009ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிகளுக்குப் பின் ஆய்வேட்டின் மின்படியைக் கொடுப்பது கட்டாயமாயிற்று. உங்கள் தலைப்பில் ஏற்கெனவே யாரேனும் பட்டம் வாங்கியிருக்கிறார்களா என்று பதிவுக்கு முன்பே அங்கே தேடிவிடுங்கள்.

ஆய்விதழ்களைப் பொறுத்தவரை, உங்கள் இரண்டு இடங்களுக்கும் இடையே விவர ஏடு சொல்லாத ஒரு வேறுபாடு இருக்கிறது. ஒரே நாடு ஒரே சந்தா என்ற ஒன்றிய அரசின் திட்டம் 2025 ஜனவரி முதல் நடப்புக்கு வந்தது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். எல்செவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி, ஸேஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் உள்ளிட்ட 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள். ஒன்றிய, மாநில அரசுகளின் கல்வி நிறுவனங்களுக்குத்தான் இந்த ஏற்பாடு. தனியார் நிறுவனம் தன் காசில் சந்தா கட்டியிருந்தால்தான் உண்டு. எந்தெந்த இதழுக்குக் கட்டியிருக்கிறார்கள் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பல்லாயிரம் மின்னிதழ்கள் என்ற பதிலை ஏற்காதீர்கள்.

ஆனாலும் என் கருத்து மாறவில்லை. இணையத்தில் இருப்பது யாரோ ஒருவர் முக்கியம் என்று கருதி வருடி ஏற்றியது. காலணாப் பாட்டுப் புத்தகத்தை எத்தனை பேர் முக்கியம் என்று கருதினார்கள்?

ஜூன் 25, புதன்

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மின்னூலகத்தில் தேடும்போது ஒரே எழுத்தமைப்பில் தேடிவிட்டு இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். வருஷம், வருடம், வருசம், தாது, தாது௵, கும்மி, கும்மிப்பாட்டு, கும்மிப் பதம். பட்டியலிட்டவர் எப்படித் தட்டச்சு செய்தாரோ அப்படித்தான் கிடைக்கும். ஒரு நூலை நான் ஆறாவது எழுத்தமைப்பில் கண்டெடுத்தேன். அதுவும் அது பிழையான எழுத்தமைப்பு.

ஜூலை 2, புதன்

பணம். யாரும் கேட்கவில்லை, எல்லாரும் அதைத்தான் கேட்க நினைக்கிறார்கள் என்று தெரியும்.

நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால், 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுக்குப் பின் மதிப்பீட்டில் தேறினால் 42,000. அதோடு நூல், பயணம், நகல் செலவுக்குக் கன்டின்ஜென்சி என்ற தொகை ஆண்டுக்கு 10,000 உண்டு. உதவித்தொகை இல்லாதவர்களின் நிலைமை வேறு. நான் அது இல்லாதவன். காலையில் ஒரு கல்லூரியில் பகுதிநேரமாகப் பாடம் எடுத்துவிட்டு மதியம் நூலகத்துக்கு ஓடியவன். பலருக்கு ஆய்வு ஆறு ஆண்டு இழுப்பதற்குச் சோம்பல் காரணமில்லை, இந்த ஓட்டம்தான்.

செலவுகளில் நகல் கட்டணத்தைக் குறைவாக நினைக்காதீர்கள். தரமணியில் மைக்ரோஃபிலிம் கருவிக்கு முன் உட்கார்ந்து, கைப்பிடியைச் சுழற்றி, கறுப்புத் திரையில் வெள்ளையாக ஓடும் எழுத்துகளைப் பார்த்துக் கையால் எழுதினேன். நகலுக்குக் கட்ட முடியவில்லை என்பதே காரணம். அரை மணி நேரத்தில் கண்ணில் நீர் வரும். ஒரு பயன் இருந்தது: கையால் எழுதிய பாடல்கள் எனக்கு இன்றும் மனப்பாடம், பிற்பாடு காசு கொடுத்து நகலெடுத்தவை உறை பிரிக்காமல் அலமாரியில் உள்ளன.

எதை வாங்கினாலும் ரசீது வாங்குங்கள். தேதி இல்லாத ரசீதைக் கணக்குப் பிரிவில் திருப்பி அனுப்புவார்கள். பழைய புத்தகக் கடைக்காரரிடம் ரசீது கேட்டால் அவர் உங்களைப் பார்க்கும் பார்வைக்கும் தயாராக இருங்கள்.

ஜூலை 3, வியாழன்

கன்டின்ஜென்சி பற்றித் தவறாக எழுதிவிட்டேன், திருத்தியவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். கலைப் பிரிவுகளுக்கு முதல் இரண்டு ஆண்டுக்குத்தான் ஆண்டுக்கு 10,000. அதன்பின் ஆண்டுக்கு 20,500. அறிவியலாருக்கு 12,000, பின்பு 25,000. கையில் வாங்காதவன் கணக்கு இப்படித்தான் இருக்கும்.

ஜூலை 13, ஞாயிறு

உங்கள் விவர ஏட்டில் இருந்த மென்பொருளுக்கு வருகிறேன். கருத்துத் திருட்டு பற்றிய 2018ஆம் ஆண்டின் மானியக் குழு விதிகளின்படி, ஆய்வேட்டில் ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டு கொடுக்க முடியாது. 60க்கு மேல் போனால் பதிவே ரத்து. முறையாக மேற்கோள் காட்டிய பகுதியும் துணைநூற்பட்டியலும் கணக்கில் சேரக் கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது.

எங்கள் ஆய்வேடுகளில் பாதி மேற்கோள். பாடலைப் பாடலாகத்தானே தர முடியும்? என் நண்பர் ஒருவரின் சங்க இலக்கிய ஆய்வேட்டுக்கு முதல் அறிக்கையில் 38 விழுக்காடு வந்தது. அவர் திருடியது கபிலரிடமிருந்தும் பரணரிடமிருந்தும். மேற்கோளைக் கழித்துக் கணக்கிடும்படி யாரும் கருவியில் அமைக்கவில்லை; அமைத்தபின் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. மென்பொருள் எல்லா இடத்திலும் இருக்கும். அதை இயக்குபவருக்குத் தமிழ் ஆய்வேடு எப்படி இருக்கும் என்று தெரியுமா என்பதே கேள்வி.

மேற்கோள் மேலாண்மைக்கு ஸொட்டேரோ என்ற மென்பொருளைப் பயன்படுத்துங்கள், இலவசம். தமிழ்ப் பெயர்களை மட்டும் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டத்தில் பிரித்துப் போடாதீர்கள். பெயரை ஒரே கட்டமாக மாற்றும் வசதி அதில் உண்டு. நான் அது தெரியாமல் 212 நூல்களை ஏற்றினேன். என் முதல் துணைநூற்பட்டியலில் உ.வே. சாமிநாதையர் 'உ' வரிசையிலும் இருந்தார், 'சா' வரிசையிலும் இருந்தார். ஓரிடத்தில் ஐயர் என்ற தனி நபராகவும் இருந்தார்.

ஜூலை 14, திங்கள்

நாற்காலி, கழிப்பறை, குடிநீர். மூன்றையும் முதல் நாளே நேரில் பாருங்கள். என்னோடு பதிவுசெய்த தோழி ஒருவர், எந்த நூலகத்தில் நாள் முழுவதும் உட்கார முடியும் என்பதைக் கழிப்பறையை வைத்துத்தான் முடிவுசெய்வேன் என்று சொன்னபோது சிரித்தேன். அவர் நல்ல நூல் சேகரிப்பு ஒன்றுக்குப் போவதை அந்த ஒரு காரணத்தால் நிறுத்தினார். அவருடைய ஆய்வின் கால எல்லையே அதனால் சுருங்கியது. ஆய்வு வசதிகள் பற்றி ஆண்கள் எழுதும் பட்டியலில் இது ஏன் வருவதில்லை என்று அவர் கேட்டார். நான் எழுதிய மேற்கண்ட குறிப்புகளிலும், பாருங்கள், இன்றுதான் வருகிறது.

ஜூலை 27, ஞாயிறு

நீங்கள் தனி மடலில் கேட்ட கேள்விக்கு இங்கேயே பதில். ஆம், நெறியாளரும் வசதிக்குள் அடக்கம். மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டு முனைவர் பட்ட மாணவரையும், இணைப் பேராசிரியர் ஆறு பேரையும், உதவிப் பேராசிரியர் நான்கு பேரையும் ஏற்கலாம். ஓய்வுபெற மூன்று ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர் புதிய மாணவரை ஏற்க முடியாது. நீங்கள் விரும்பும் நெறியாளரிடம் இடம் இருக்கிறதா, அவர் ஓய்வுபெறும் ஆண்டு எது என்று அலுவலகத்தில் கேட்பதில் கூச்சம் வேண்டாம். பதிவுக் காலம் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு. மறுபதிவில் இன்னும் இரண்டு ஆண்டு கிடைக்கும். பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உடையோருக்கும் அதற்கு மேலும் இரண்டு ஆண்டு.

நான் பார்த்த நெறியாளர்களில் மிகவும் உதவியவர் நூல்கள் வாங்கிக் கொடுத்தவர் அல்லர். கடிதம் கேட்ட அன்றே கையொப்பமிட்டுக் கொடுத்தவர். அறிமுகக் கடிதம் இல்லாமல் பல கதவுகள் திறக்காத ஊரில் அதற்கு விலை மதிப்பே கிடையாது.

ஆகஸ்ட் 9, சனி

இழையின் தொடக்கத்தில் நான் சொன்ன அளவுகோலை நான்தான் கண்டுபிடித்தேன் என்று நினைத்திருந்தேன். இல்லை. 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது: வாசகரின் நேரத்தைச் சேமி. கணித ஆசிரியராக இருந்து நூலகத்துக்கு வந்தவர். அலமாரிக்கும் வாசகருக்கும் இடையே உள்ள தொலைவை ஒரு கணக்காகவே பார்த்திருக்கிறார். சேப்பாக்கத்தில் இருந்த ஒருவர் எழுதியதை, சேப்பாக்கத்துக்கு நாள்தோறும் போய்வந்த நான், இருபத்து மூன்று நாள் கெட்ட பிறகு கற்றுக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சேப்பாக்கத்தில் பதிவுசெய்துவிட்டதாக நேற்று எழுதியிருக்கிறீர்கள். நான் சொன்னதால் அல்ல, புறநகர் வளாகத்தில் நீங்கள் கேட்ட மூன்றாம் ஆண்டு மாணவர், எனக்கு இதுவரை பழைய பக்கம் எதுவும் தேவைப்பட்டதில்லை என்று சொன்னதால் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவருடைய தலைப்புக்கு அது தேவைப்படாமலே இருக்கலாம். அவரைக் குறைவாக எடைபோட வேண்டாம். அவருக்கு அந்த நள்ளிரவு வாசிப்பறை உண்மையாகவே வசதியாக இருக்கும்.

ஆவணக் காப்பகத்துக்காக நீங்கள் நிரப்பிய சீட்டின் படத்தைப் பார்த்தேன். அரசாணை எண்ணும் தேதியும் சரி. துறையின் பெயரை விட்டுவிட்டீர்கள். வருவாய்த் துறையா, பொதுத் துறையா, பஞ்சத்துக்கென்று பிரித்து வைத்த தொகுதியா என்று எழுதாவிட்டால் கட்டு எடுக்கப் போகிறவருக்கு எந்த வரிசைக்குப் போவது என்று தெரியாது. இப்போதே எழுதிவிடுங்கள். பேனாவைப் பையிலேயே வைத்துவிட்டுப் பென்சில் இரண்டு கொண்டு வாருங்கள். புதன்கிழமை காலை நானும் எழும்பூரில்தான் இருப்பேன். சன்னலோர மேசை, எதிர் நாற்காலி காலியாக இருக்கும்.